பத்தாயிரம் பவுண்டுக்கு மேல ஒரு பென்னி கூடினா என்ன ஆகும்? இங்கிலாந்து சிவில் கேஸ்ல டிராக் பிரிக்கிற கணக்கு

பில்டர் அட்வான்ஸ வாங்கிட்டு வேலைய பாதில போட்டுட்டு போயிட்டான், கடைக்கு சரக்கு எடுத்தவர் பாக்கிய தரமாட்டேங்குறார், கார இடிச்சவன் நான் இடிக்கவே இல்லன்னு சாதிக்கிறான். இந்த மாதிரி விஷயத்துக்கு இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் கவுன்ட்டி கோர்ட்ல கிளெய்ம் போடுறவங்க எவ்வளவு கேக்கணும்னு ராத்திரி எல்லாம் உக்காந்து கணக்கு பாப்பாங்க, ஆனா எதிராளி மறுத்து பதில் போட்டதும் கோர்ட்லேர்ந்து ஒரு நோட்டீஸ் வரும் பாருங்க, இந்தக் கேஸ் இன்ன டிராக்குக்கு ஏத்ததா தெரியுதுன்னு ஒரு வரி போட்டு, அத பாதி பேர் சரியா படிக்கிறதே இல்ல. கேஸ் ஜெயிச்சும் கைக்காசு போயிடுச்சேன்னு அப்புறமா புலம்புறவங்கள்ல நிறைய பேருக்கு சிக்கல் ஆரம்பிச்சது அந்த ஒரு வரிலதான்.

டிராக்னா வேற கோர்ட்டா?

வேற கோர்ட் கிடையாது. ஊர்ல தாவா தொகைய வெச்சு முன்சீப் கோர்ட்டா, சப் கோர்ட்டா, டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டான்னு படி ஏறிப் பாத்துப் பழகினவங்களுக்கு இங்க குழப்பம் வர்றது சகஜம். இங்கிலாந்துல ஒரு லட்சம் பவுண்டுக்குக் கீழ உள்ள பணத் தகராறு எல்லாமே கவுன்ட்டி கோர்ட்லதான் ஆரம்பிக்கணும், ஹை கோர்ட்ல போட முடியாது. அந்த ஒரே கோர்ட்டுக்குள்ள கேஸ் எந்தப் பாதைல நடக்கும், எத்தன வாய்தா, எவ்வளவு பேப்பர், எத்தன எக்ஸ்பர்ட், முக்கியமா தோத்தவர் ஜெயிச்சவரோட வக்கீல் பீஸ குடுக்கணுமா வேண்டாமா, இதையெல்லாம் முடிவு பண்றதுதான் டிராக்.

எதிராளி மறுத்தாதான் டிராக்னு ஒரு பேச்சே வரும். கிளெய்ம் விவரம் கைக்குப் போய் 14 நாளுக்குள்ள, இல்ல ரசீது மாதிரி ஒரு பதில் போட்டு டைம் வாங்கியிருந்தா 28 நாளுக்குள்ள டிபென்ஸ் (மறுத்து எழுதுற பதில்) வரலைன்னா டிபால்ட் ஜட்ஜ்மென்ட் வாங்கிடலாம், நம்ம ஊர் பாஷைல எக்ஸ்பார்ட்டி. அங்க டிராக்குக்கு வேலையே இல்ல.

இது எங்கேர்ந்து வந்தது

1990கள்ல அங்க இருந்த பெரிய குறை, சின்னத் தொகைக்குக் கேஸ் போட்டாலும் செலவு தொகையத் தாண்டிப் போயிடும்ங்கிறது. லார்ட் வுல்ஃப்ங்கிற மூத்த ஜட்ஜ் இத ஆராய்ஞ்சு 1996ல கடைசி அறிக்கை குடுத்தார், அதுலேர்ந்து பொறந்த சிவில் ப்ரொசீஜர் ரூல்ஸ் 1999 ஏப்ரல் 26ல அமலுக்கு வந்தது. அடிப்படை யோசனை ரொம்ப சிம்பிள்: வழக்கோட அளவுக்குத் தக்கதா நடைமுறையும் செலவும் இருக்கணும், எலி புடிக்க வீட்டையே கொளுத்தக் கூடாது. அப்ப மூணு டிராக்தான். வக்கீல் செலவு விஷயத்த ரெண்டாவது தடவை கையில எடுத்த சர் ரூபர்ட் ஜாக்சன் 2017ல குடுத்த அறிக்கைய ஒட்டி 2023 அக்டோபர் 1லேர்ந்து நாலாவதா ஒண்ணு நடுவுல நுழைஞ்சது. இன்டர்நெட்ல கெடைக்கிற பழைய விளக்கங்கள்ல மூணுன்னு இருக்கும், அத நம்பி 40,000 பவுண்ட் கேஸ மல்டி டிராக்னு நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க.

நாலு டிராக்

1. ஸ்மால் கிளெய்ம்ஸ் டிராக். பொதுவா 10,000 பவுண்ட் வரை (2013 ஏப்ரலுக்கு முன்னாடி 5,000தான்). பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ், சின்ன ரூம், மேஜையச் சுத்தி உக்காந்து பேசுற மாதிரி. சாட்சிய விசாரிக்கிறதுல கறாரான விதிகள் கெடையாது, ஜட்ஜ் நியாயம்னு நெனைக்கிற முறைல நடத்தலாம். வக்கீல் இல்லாமலே போறதுக்குன்னு வடிவமைச்சது.

2. ஃபாஸ்ட் டிராக். அதுக்கு மேல 25,000 வரை, விசாரணை ஒரே நாளுக்குள்ள முடியணும். ரூல்ஸ் கூட குடுத்திருக்கிற உதாரண அட்டவணைப்படி பேப்பர் பரிமாற்றம் 4 வாரம், சாட்சி வாக்குமூலம் 10, எக்ஸ்பர்ட் ரிப்போர்ட் 14, விசாரணை 30 வாரத்துக்குள்ளன்னு ஓடணும். பேருதான் ஃபாஸ்ட், கோர்ட்ல தேதி கெடைக்கிற வேகம் வேற கதை.

3. இன்டர்மீடியட் டிராக். 25,000லேர்ந்து ஒரு லட்சம் வரை, விசாரணை மூணு நாளுக்கு மிகாம, கோர்ட்ல வந்து வாய்ச்சாட்சி சொல்ற எக்ஸ்பர்ட் ஒரு தரப்புக்கு ரெண்டு பேருக்கு மேல வேண்டாம்னு இருந்தா.

4. மல்டி டிராக். மிச்சம் எல்லாம். இங்கதான் வக்கீல்கள் முன்கூட்டியே செலவு பட்ஜெட் போட்டுக் குடுக்கிறதும், கேஸ எப்படி நடத்துறதுன்னு ஜட்ஜ் முன்னாடி தனி வாய்தா வெக்கிறதும்.

தொகை எவ்வளவா இருந்தாலும் நேரா மல்டி டிராக்குக்குப் போற வகைகளும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸால வர்ற மீசோதீலியோமாங்கிற புற்றுநோய் கேஸ், ஜூரி வெச்சு விசாரிக்க வாய்ப்புள்ள கேஸ், ஆஸ்பத்திரி கவனக்குறைவுன்னு போடுறதுல எதிர்த்தரப்பு தப்பையும் அதனாலதான் பாதிப்புங்கிறதையும் சேத்து ஒத்துக்காத கேஸ் இதெல்லாம் அப்படி.

10,000ங்கிற கோடு எல்லாருக்கும் ஒண்ணு இல்ல

இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. கார் ஆக்சிடென்ட்ல உடம்புல அடிபட்டதுக்கு ஸ்மால் கிளெய்ம் வரம்பு 2021 மே 31லேர்ந்து 5,000 பவுண்ட். அதுக்கு முன்னாடி 1,000. கழுத்துல சுளுக்குன்னு வர்ற கிளெய்ம்கள குறைக்கத்தான் ஏத்தினாங்க, விளைவு என்னன்னா அந்த வகைக் கேஸ்ல வக்கீல் பீஸ எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ்ட்ட வாங்க முடியாதுங்கிறதால வக்கீல்களுக்கே அதுல ஆர்வம் போயிடுச்சு. சைக்கிள்ல போனவங்க, நடந்து போனவங்க, பைக் ஓட்டினவங்க, சின்னப் பசங்க இவங்களுக்கு இந்த 5,000 பொருந்தாது. ரோடு ஆக்சிடென்ட் இல்லாத மத்த காயங்களுக்கு 2022 ஏப்ரல்லேர்ந்து 1,500.

வாடகை வீட்ல ஒழுகுது, பூஞ்சை புடிக்குது, ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லி ஆர்டர் வேணும்னு குடியிருக்கிறவர் போடுற கேஸ்ல கோடு இன்னும் கீழ. ரிப்பேர் செலவும் 1,000க்குள்ள, நஷ்ட ஈடும் 1,000க்குள்ள இருந்தாதான் ஸ்மால் கிளெய்ம். இதுல ஒரு நியாயம் இருக்குன்னுதான் தோணுது, ஏன்னா ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு நிரூபிக்க சர்வேயர் வேணும், வாடகைக்கு இருக்கிறவரால வக்கீல் இல்லாம அத சமாளிக்கிறது கஷ்டம். வீட்டுக்காரர் மிரட்டினார், சட்டவிரோதமா வெளிய துரத்தினார்னு குடியிருக்கிறவர் போடுற கேஸ், தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஸ்மால் கிளெய்ம்ஸ்ல போடவே கூடாது.

தொகைன்னா எந்தத் தொகை?

கிளெய்ம் பார்ம்ல எழுதின மொத்தம்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க, ரூல் சொல்றது தகராறுல இருக்கிற தொகை. கணக்குல நாலு விஷயத்தக் கண்டுக்க மாட்டாங்க: எதிராளி ஒத்துக்கிட்ட தொகை, வட்டி, கேஸ் செலவு, உன் மேலயும் பாதி தப்பு இருக்குன்னு எதிராளி சொல்ற கழிவு (அதாவது அந்தக் கழிவப் பாத்து தொகையக் குறைக்க மாட்டாங்க, முழுசா எடுத்துக்குவாங்க).

ஒரு உதாரணத்த வெச்சே பாப்போம். கிச்சன் வேலை செஞ்ச கான்ட்ராக்டர் ரெண்டு பில்லுக்குக் கேஸ் போடுறார்: மேடைக் கல்லுக்கு 3,100, டைல்ஸும் எலக்ட்ரிக் வேலையும் 9,300, ஆக 12,400 பவுண்ட். 10,000க்கு மேல போனா கோர்ட் பீஸ் 5 சதவீதம், அதனால 620 கட்டிட்டார்.

1. வீட்டுக்காரர் எதையும் ஒத்துக்கல, மொத்தமும் மறுக்கிறார். தகராறு 12,400, வழக்கமா ஃபாஸ்ட் டிராக்.

2. மேடைக் கல் பில் 3,100 தரணும், ஒத்துக்கிறேன், டைல்ஸ் வேலைதான் மட்டம்னு எழுதுறார். அது பிரிச்சுக் காட்டின தனி அயிட்டம், அதனால தகராறுலேர்ந்து வெளிய போயிடும். மிச்சம் 9,300, ஸ்மால் கிளெய்ம்ஸ் டிராக். ஏதோ கொஞ்சம் தரவேண்டியதுதான்னு பொத்தாம் பொதுவா எழுதியிருந்தா இந்த நன்மை கெடைக்காது, எந்த அயிட்டம் எவ்வளவுன்னு நறுக்குன்னு சொல்லணும்.

3. 3,100 ஒத்துக்கிட்டு, கூடவே உன் மட்டமான வேலைய இடிச்சுக் கட்ட எனக்கு 11,000 ஆகும்னு எதிர்க் கிளெய்மும் போடுறார். இப்ப 9,300ஐயும் 11,000ஐயும் கூட்ட மாட்டாங்க, ரெண்டுல பெருச எடுத்துக்குவாங்க. 11,000, மறுபடியும் ஃபாஸ்ட் டிராக். எதிர்க் கிளெய்முக்கும் கோர்ட் பீஸ் உண்டு, 550 பவுண்ட் அவர் தலைல.

ஒரே கிச்சன், ஒரே சண்டை, எதிராளி பதில எழுதின விதத்துல டிராக் ரெண்டு தடவை மாறுது. ரெண்டாவது நிலைமைல கான்ட்ராக்டர் வக்கீல் வெச்சிருந்தார்னா அவருக்குத்தான் அடி, ஏன்னு அடுத்த பகுதில புரியும்.

வட்டி விஷயத்துல ஒரு சின்ன வேடிக்கை. 9,700 பாக்கி, அதுக்கு மேல 8 சதவீத வட்டி சேந்து 500னு வெச்சுக்குங்க, மொத்தம் 10,200. கோர்ட் பீஸ் கணக்குல வட்டியும் சேரும், அதனால 455க்குப் பதிலா 510 கட்டணும். டிராக் கணக்குல வட்டி சேராது, அதனால ஸ்மால் கிளெய்ம்ஸ்தான். பீஸ் பெரிய கேஸுக்கு, டிராக் சின்ன கேஸுக்கு. ஆபீஸ்ல யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு சண்டைக்குப் போறவங்க உண்டு, தப்பெல்லாம் இல்ல, ரெண்டும் வேற வேற ரூல்.

தொகை பொருந்தினா மட்டும் போதுமா?

தொகை கேட்டத் திறக்கும், உள்ள விடுறது ஜட்ஜ். கேஸோட சிக்கல், எத்தன தரப்பு, எத்தன சாட்சி வாயால பேசணும், வெறும் பணமா இல்ல வேற ஆர்டரும் வேணுமா, இந்தத் தீர்ப்பு வெளிய இருக்கிறவங்களுக்கும் முக்கியமான்னு பாத்துத்தான் முடிவு பண்ணுவார். ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாலும் ஜட்ஜ் அதுக்குக் கட்டுப்பட்டவர் இல்ல.

இதுல கவனமா இருக்க வேண்டியது மோசடிங்கிற வார்த்தை. எதிராளி ஏமாத்துக்காரன், கள்ள பில் போட்டான்னு கோவத்துல எழுதிடுறோம். நேர்மையின்மைய ஒருத்தர் சாட்ட இன்னொருத்தர் மறுக்கிற கேஸ் வழக்கமா ஸ்மால் கிளெய்ம்ஸுக்கு ஏத்தது இல்லைனு ரூல்ஸோட சேந்த நடைமுறைக் குறிப்புலயே இருக்கு. 4,000 பவுண்ட் கேஸ ஒரு வார்த்தையால ஃபாஸ்ட் டிராக்குக்குத் தள்ளி, தோத்தா எதிராளி வக்கீலுக்கும் சேத்து அழவேண்டிய நிலைமைய நாமளே வரவழைச்சுக்கலாம். ஒப்பந்தத்த மீறினான்னு சொன்னாலே ஜெயிக்க முடியும்னா மோசடின்னு எழுதுறதுல பிரயோஜனம் இல்ல.

வக்கீல் செலவு யார் தலைல

டிராக் சண்டைன்னு நடக்குறதெல்லாம் பெரும்பாலும் இதுக்காகத்தான்.

ஸ்மால் கிளெய்ம்ஸ்ல ஜெயிச்சாலும் வக்கீல் பீஸ் கெடைக்காது. கெடைக்கிறது கட்டின கோர்ட் பீஸ், ஒரு சின்ன பிக்சட் தொகை, போக்குவரத்துச் செலவு, லீவு போட்டு வந்ததுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 95 பவுண்ட் வரை, கோர்ட் அனுமதியோட எக்ஸ்பர்ட் வெச்சிருந்தா 750 வரை. அவ்வளவுதான். 3,000 பவுண்ட் பாக்கிக்கு 2,500 பீஸ் குடுத்து வக்கீல் வெச்சா ஜெயிச்ச அன்னிக்கு மிஞ்சுறது 500. தோத்தாலும் எதிராளியோட வக்கீல் பில் நம்ம தலைல விழாதுங்கிறது இதோட மறுபக்கம், சாதாரண ஆளுக்கு அதுதான் பெரிய பாதுகாப்பு.

இந்தப் பாதுகாப்புல ரெண்டு ஓட்டை:

1. நியாயமே இல்லாம நடந்துக்கிட்டா எதிராளியோட செலவக் கட்டச் சொல்லி கோர்ட் ஆர்டர் போடலாம். 2017ல கோர்ட் ஆஃப் அப்பீல் சொன்னது, அந்த நடத்தைக்கு நியாயமான ஒரு விளக்கம் இருக்கா இல்லையாங்கிறதுதான் கேள்வின்னு. சும்மா தோத்ததாலயே அது நியாயமில்லாத நடத்தை ஆயிடாது.

2. ஒப்பந்தத்துலயே செலவ நீதான் தரணும்னு எழுதியிருந்தா. பிளாட் வாங்கினவங்க லீஸ (நீண்ட கால குத்தகைப் பத்திரம்) எடுத்துப் படிங்க, சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) பாக்கிக்குக் கேஸ் போட்டா வக்கீல் செலவும் சேத்துத் தரணும்னு ஒரு ஷரத்து பல லீஸ்ல இருக்கும். ஸ்மால் கிளெய்ம்ஸ்ல நடந்த கேஸா இருந்தாலும் அந்த ஷரத்து செல்லும்னு 2015ல அதே கோர்ட் ஆஃப் அப்பீல் சொல்லியாச்சு. சின்ன கேஸ்தானே பாத்துக்கலாம்னு விட்டவங்களுக்கு பாக்கிய விட பெரிய பில் வர்றது இந்த வழியாத்தான்.

ஃபாஸ்ட், இன்டர்மீடியட் ரெண்டுலயும் தோத்தவர் ஜெயிச்சவருக்குச் செலவு குடுக்கணும், ஆனா இவ்வளவுதான்னு டேபிள் போட்டு வெச்சிருக்காங்க. கேஸோட சிக்கலுக்குத் தக்கபடி ஒண்ணுலேர்ந்து நாலு வரை பேண்ட்னு படிநிலை, கேஸ் எந்தக் கட்டத்துல முடிஞ்சதுங்கிறதுக்குத் தக்கபடி தொகை. மறுக்கிற சாதாரண கடன் பாக்கி ஃபாஸ்ட் டிராக்ல முதல் பேண்ட். ஜெயிச்சாலும் நம்ம வக்கீல் போட்ட பில்லுக்கும் டேபிள் தொகைக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் நம்ம பாக்கெட்லேர்ந்துதான், இத வக்கீல்ட்ட முதல் நாளே கேட்டுக்கணும். மல்டி டிராக்ல பொதுவா இந்த டேபிள் கட்டுப்பாடு இல்ல, அதனாலதான் பெரிய கேஸ்ல இது இன்டர்மீடியட்டா மல்டியான்னு ரெண்டு பக்க வக்கீலும் முட்டி மோதுறாங்க.

பார்ம் கைக்கு வந்ததும்

டிபென்ஸ் வந்ததும் கோர்ட் அலுவலர் தற்காலிகமா ஒரு டிராக்க சொல்லி டைரக்ஷன்ஸ் கொஸ்டினேர்னு ஒரு பார்ம நெரப்பச் சொல்லுவார். ஸ்மால் கிளெய்ம்ஸுக்கு என்180, மத்ததுக்கு என்181. முதலாவதுக்குக் குறைஞ்சது 14 நாள், ரெண்டாவதுக்கு 28 நாள் டைம் இருக்கும்.

என்180 சில பக்கம்தான், கேள்வி ஒவ்வொண்ணும் காசு. இந்த டிராக் சரின்னு ஒத்துக்கிறீங்களா, இல்லைனா ஏன். எக்ஸ்பர்ட் வேணுமா. உங்களையும் சேத்து எத்தன சாட்சி (தன்ன விட்டுட்டு எண்ணி ஜீரோன்னு போடுறவங்க நிறைய). எந்தத் தேதில வரமுடியாது. மொழிபெயர்ப்பாளர் வெச்சுக்குவீங்களா, எந்த மொழின்னு. அப்பா அம்மா பேர்ல கேஸ், அவங்களுக்கு இங்கிலீஷ் சரளமா வராதுன்னா தமிழ்னு இங்க எழுதணும், ஹியரிங் அன்னிக்குப் போய் நின்னுக்கிட்டு மகன் பேசுவான்னு சொன்னா ஜட்ஜ் ஒத்துக்குவார்னு நிச்சயம் இல்ல.

பார்ம அனுப்பலைனா என்ன? பணக் கேஸா இருந்தா 7 நாள் கெடு வெச்சு ஒரு நோட்டீஸ், அதையும் விட்டா கிளெய்ம் போட்டவரோட கிளெய்ம், இல்ல மறுத்தவரோட டிபென்ஸ், தானாவே தள்ளுபடி. ஜட்ஜ் பாத்து இரக்கப்படுற கட்டமே வராது.

2024 மே 22லேர்ந்து ஸ்மால் கிளெய்ம்ஸ்ல வர்ற பணக் கேஸ்ல ஒரு மணி நேர போன் சமரசம் கட்டாயம், பரீட்சார்த்தத் திட்டமா கொண்டு வந்தாங்க. இலவசம், கோர்ட் நிர்வாகத்தோட ஆளே மாறி மாறி ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா போன் போட்டுப் பேசுவார், எதிராளி குரலக் கேக்கக் கூட வேண்டாம். சமரசம் ஆகணும்னு கட்டாயம் இல்ல, கலந்துக்கிறதுதான் கட்டாயம். போன எடுக்காம விட்டா செலவு கட்டச் சொல்லலாம், கேஸையே தள்ளலாம்.

போட்ட டிராக்க மாத்த முடியுமா

முடியும். நீங்க இல்லாத நேரத்துல பேப்பர மட்டும் பாத்துப் போட்ட ஆர்டர்னா அதே கோர்ட்ல மறுபடி பாக்கச் சொல்லி விண்ணப்பம் போடலாம், ஹியரிங்ல நீங்க இருந்து போட்டதுன்னா அப்பீல்தான். நடுவுல நிலைமை மாறினாலும், எதிர்க் கிளெய்ம் புதுசா வர்றது மாதிரி, கோர்ட் டிராக்க மாத்தலாம். அப்படி மாத்தினா மாறின தேதி வரைக்கும் பழைய டிராக்கோட செலவு ரூல், அதுக்கு அப்புறம் புதுசோட ரூல். கிச்சன் கேஸ்ல வீட்டுக்காரர் அஞ்சு மாசம் ஸ்மால் கிளெய்ம்ஸ்ல ஓட்டிட்டு அப்புறம் 11,000க்கு எதிர்க் கிளெய்ம் போட்டு டிராக் மாறினா, அந்த அஞ்சு மாச வக்கீல் பீஸ கான்ட்ராக்டர் ஜெயிச்சாலும் கேக்க முடியாது, அன்னிலேர்ந்துதான் மீட்டர் ஓடும், அதுவும் ரெண்டு பேருக்கும் சேத்து.